மேசைக்குக் குளிருமோ?

“அது மேசையோட சேர்ந்த போர்வை. மேசையை நான் வாங்கிட்டன்.”

“போர்வையை நான் வாங்கிட்டன். ஏன், மேசைக்குக் குளிருமோ?”

“ஓம். குளிரும்.”

அந்தப் பதிலை நினைத்தால் கிருசாந்திக்கு இப்போதும் சிரிப்பு வரும். ஆனால் இன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. நெற்றியைச் சன்னல் கண்ணாடியில் வைத்துக்கொண்டு நின்றாள். வெளியே டென்மார்க்கின் இக்காஸ்ட் நகரத்தின் மேல் மழை... பனியாக மாறவும் மனமில்லாமல், ஓயவும் மனமில்லாமல் தூறிக்கொண்டிருந்த தை மாத மழை.

பழைய சாமான் கடையில், டேனிஷில் தொடங்கிய சண்டை அது. ஊரைவிட்டுப் போன ஜப்பானியக் குடும்பம் ஒன்றின் பொருட்களைக் கடைக்காரர் தனித்தனியே விற்றுக்கொண்டிருந்தார். உயரம் குறைந்த மேசையை ஒருவன் காரில் ஏற்றிவிட்டுத் திரும்புவதற்குள், கருநீலத்தில் வெள்ளைக் கொக்குகள் பறக்கும் பஞ்சுப் போர்வையை இவள் வாங்கிவிட்டாள்.

“என்ன பிடிவாதமப்பா...” என்று அவன் தமிழில் முணுமுணுத்தான்.

“பிடிவாதமில்லை. முந்தினது நான்,” என்றாள் இவளும் தமிழில்.

அவன் கண்கள் அகல விரிந்தன. மழை கழுவிய வீதியில் விளக்கொளி விழுந்ததுபோல அப்படியொரு மினுக்கம்... முதலில் பார்வையைத் தாழ்த்தியது அவள்தான்.

அவன் பெயர் ஜோனாஸ். பக்கத்து நகரமான ஹேர்னிங்கில் எஞ்சினியர். மேசை, முழங்கால் வலியால் அவதிப்படும் அம்மாவுக்காம். கொதாட்சு என்பார்களாம் அதை. அடியில் சின்ன ஹீட்டர். மேலே போர்வையை விரித்து நாற்புறமும் தொங்கவிட்டு, கால்களை உள்ளே நீட்டிக்கொண்டால் போதும். கரண்ட் விலை ஏறிக் கிடக்கும் இந்தக் குளிர்காலத்தில் வீடு முழுவதையும் சூடாக்கத் தேவையில்லை.

“விக்கமாட்டன். அம்மாவுக்கெண்டா இரவல் தாறன்.”

“அப்ப சனிக்கிழமையில வந்து, போர்வை சுகமோ எண்டு பாத்திட்டுப் போங்கோ.”

போனாள். அடுத்த சனியும் போனாள். அவன் அம்மா கிருபாமலர், அதே கடையில் வாங்கிய பஞ்சு வைத்துத் தைத்த ஜப்பானியச் சட்டைக்குள் உருண்டையாக அமர்ந்திருப்பார். “வா பிள்ளை. உன்ர போர்வை நல்ல சுகம். எனக்குத்தான் வேர்த்துக் கொட்டுது.” தோடம்பழத்தை உரித்துக் கையில் தருவார். பிறகு பேசிக்கொண்டே மேசையில் தலை சாய்த்துத் தூங்கிப்போவார்.

அப்புறம் அந்த அறையில் மழைச்சத்தமும் இரண்டு குரல்களும்தான். அவை மெல்ல மெல்லத் தாழ்ந்துகொண்டே போகும்... கால்களில் தொடங்கிய கதகதப்பு நெஞ்சுவரை ஏறும். இந்தச் சூடு ஹீட்டருடையதா, எதிரில் இருப்பவனுடையதா என்று அவளுக்கே விளங்காது.

வீட்டில் அவளுடைய அம்மா சுசீலாதேவி, கனடா மாப்பிள்ளை ஒருவரின் சாதகத்தைச் சாமி அறையில் வைத்திருந்தார். பதில் சொல்ல வேண்டும். ‘உங்கட அம்மாவோட வந்து என்னைக் கேளுங்கோ’ என்று ஜோனாசிடம் சொல்ல நத்தார்ப் பண்டிகையிலிருந்து எத்தனை தடவை வாயைத் திறந்திருப்பாள்... ஒவ்வொரு தடவையும் தோடம்பழச் சுளைதான் வாய்க்குள் போனது.

ஒரு சனிக்கிழமை, இன்றைக்குக் கேட்டே விடுவது என்று நிமிர்ந்து உட்கார்ந்தாள். போர்வைக்குள் அவள் கால் அவன் காலில் பட்டுவிட்டது. பழக்கதோஷம்... சட்டென்று அவன் கையைத் தொட்டுத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டாள்.

ஜோனாஸ் கையை இழுத்துக்கொண்டு சிரித்தான். “எங்களில இதொண்டும் இல்லை.”

எங்களில... ஜெபக்கூட்டத்துக்குப் போகும் வீடு அது. பிள்ளையாருக்கு விளக்கேற்றும் வீடு இவளுடையது. தெரியாததில்லை. ஆனாலும் அந்த ஒரு சொல், அவ்வளவு சின்ன மேசையின் நடுவே மதிலாக எழுந்து நின்றது. தேநீரைக் குடிக்காமலே எழுந்து வந்துவிட்டாள். பிறகு போகவில்லை. அவன் அடித்த போனையும் எடுக்கவில்லை.

அவள் சன்னலை விட்டு நகருமுன் அழைப்பு மணி அடித்தது.

வாசலில் ஜோனாஸ். தலைமுடியிலிருந்து தண்ணீர் வழிந்தது. நெஞ்சோடு அணைத்திருந்த பிளாஸ்டிக் பைக்குள் போர்வை மட்டும் நனையாமல் இருந்தது.

“குடை இல்லையோ?” என்றாள், முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு.

“ரண்டு கையும் இதுக்கே சரியாப் போச்சு... அம்மா குடுத்திட்டு வரச் சொன்னவ. ஆள் வராத வீட்டில இரவல் பொருள் என்னத்துக்காம்.”

“நீங்கள் என்ன சொன்னனீங்கள்?”

“நான் சொன்னது பிழை எண்டு சொன்னன். சிரிச்சது அதைவிடப் பிழை.” அவன் பையைப் பார்த்தபடி பேசினான். “என்னை ஒருத்தரும் அப்பிடிக் கண்ணில ஒத்தினதில்லை, கிருசாந்தி. என்ன செய்யிறதெண்டு தெரியேல்லை. வெக்கத்தில வந்த கதை அது.”

அவன் இமைகளில் மழைத்துளிகள் தொங்கின. அவை விழாமல் நடுங்குவதை அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்...

“ஆர் பிள்ளை வாசல்ல?” அடுப்படியிலிருந்து சுசீலாதேவியின் குரல் வந்தது.

வேலையிடத்துச் சினேகிதம் என்று சொல்லியிருக்கலாம். பையை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தியிருக்கலாம். அவன் இரண்டையும் எதிர்பார்த்தவன்போலப் பையை நீட்டினான். கிருசாந்தி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். அடுப்படிவரை கேட்கட்டும் என்றே குரலை உயர்த்தினாள்.

“அதைத் திருப்பிக் கொண்டுபோய் விரியுங்கோ, ஜோனாஸ். வாற சனிக்கிழமை உங்கட அம்மாவைக் கூட்டிக்கொண்டு இஞ்ச வாங்கோ. வந்து... என்னை உங்களுக்குத் தரச்சொல்லி எங்கட அம்மாட்டக் கேளுங்கோ.”