பஞ்சில் வந்த சிவப்பு

காய்ந்த பஞ்சால்தான் துடைத்தாள். ஈரமாக வந்தது. துரு பொடியாக அல்லவா உதிரும்?

மழைமூட்டத்தில் மதியமே இருண்டிருந்தது. பழம்பொருள் கடையின் பின்னறை மேஜையில் அந்தச் சீன வாள் கிடந்தது. காலையில் அண்ணன் வாங்கி வந்தது. ஏற்கெனவே இரண்டு போலிகளில் கையைச் சுட்டுக்கொண்டவன். இதுவும் போலியென்றால் கடையையே மூடிவிடுவதாகச் சொல்லியிருந்தான். உருவும்போது விரலில் சின்னக் கீறல். கட்டுப் போட்டுக்கொண்டு, அசதியாக இருக்கிறதென்று பக்கத்து அறையில் படுத்துவிட்டான்.

"நீ தொட்டா அசலும் போலியாயிடும், பாப்பா. பாத்து சொல்லு," என்று போகும்போதும் கிண்டல்தான்.

பிடியில் தலைமுறை தலைமுறையாகக் கைகள் தேய்த்த பள்ளங்கள். அலகு நுனிவரை சீராக மெலிந்தது. மடித்து மடித்து அடித்த இரும்பின் வரிகள், அமிலத்தால் வரைந்தவை அல்ல. துரு மட்டும்தான் உதைத்தது. பழைய துரு கறுத்து இரும்போடு இறுகியிருக்கும்; பஞ்சில் சிவப்பு ஓயாமல் வந்தால் போலிக்காரன் பூசியது. மேலே படிந்த அழுக்கு மட்டும் என்றால் துடைக்கத் துடைக்கத் தீர்ந்து பஞ்சு வெள்ளையாக வரும்; வாள் அசல். அது அவள் வழக்கமான சோதனை.

துடைத்தாள். அலகு பளிச்சிட்டது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே நுனியிலிருந்து சிவப்பு மேலேறியது. உள்ளங்கையில் வெகுநேரம் பொத்திய காசின் வாடை அடித்தது. சுவருக்கு அப்பால் கட்டில் கிறீச்சிட்டது, அண்ணன் மெதுவாக முனகினான். இனித் துடைக்கவே பயமாக இருந்தது. ஆனாலும் அவன் முகத்தைப் பார்த்துப் போலி என்று சொல்வதை நினைக்க அதைவிடப் பயமாக இருந்தது.

மறுபடி துடைத்தாள். சிவப்பு. முனகல்.

மறுபடி. சிவப்பு. முனகல் தேய்ந்திருந்தது.

இன்னும் அழுத்தி. கட்டைவிரலில் ஏதோ சுருக்கென்றது. கவனிக்கவில்லை.

கடைசிப் பஞ்சு வெள்ளையாக வந்தது.

அசல். நிம்மதியில் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "அண்ணா, அசல்தான்," என்றாள்.

கட்டில் கிறீச்சிடவில்லை.

கதவைத் திறந்தாள். அவன் மல்லாந்து கிடந்தான். உதடு வெள்ளை. நகங்கள் வெள்ளை. விரலில் சுற்றிய துணியில் ஒரு சொட்டுக் கறை இல்லை.

கதவுநிலையைப் பிடித்துக்கொண்ட அவள் கட்டைவிரலில் மயிரிழைபோல ஒரு கீறல். வலிக்கவில்லை. ரத்தமும் வரவில்லை.

திரும்பிப் பார்த்தாள். மேஜைமேல் வாளின் நுனி மெல்லச் சிவந்துகொண்டிருந்தது.