பின்னறைக் குழாய்

பிற்பகல் மூன்று மணிக்கு மெக்கானிக் அந்த வீட்டு வாசலில் வேனை நிறுத்தினார். இரண்டு வருடம் முன்பு அங்கே காற்றோட்ட இயந்திரத்தைப் பொருத்தியவர் அவரேதான். ஈ எறும்பு நுழைய இடுக்கில்லாமல் அடைத்துக் கட்டிய வீடு. கூரைக்குள் ஓடும் குழாய் வழியாக வருவதுதான் காற்று. தூசி வராது, மின்சாரம் மிச்சம் என்று அன்று வாய் கிழியப் பேசியிருந்தார்.

கதவைத் திறந்த அம்மாள் பாதியாக இளைத்திருந்தார்.

"பின் ரூம்லதான் சத்தம். அவர் போனதுக்கப்புறம் அங்க யாரும் படுக்கறதில்ல."

"என்ன சத்தம்மா?"

"அவருக்கு இழுப்பு வந்தா எப்படி மூச்சு விடுவாரோ, அப்படி."

அந்த அம்மாளின் கணவர் மெக்கானிக்குக்கு மூன்று முறை போன் செய்திருந்தார், பின்னறைக்குக் காற்றே வரவில்லை என்று. 'நானே அளந்தேன் சார், எல்லாம் சரியா இருக்கு' என்று மூன்று முறையும் இவர் அடித்துச் சொன்னார். அளக்கவே இல்லை. அடுத்த வேலைக்குப் போகிற அவசரத்தில் பக்கத்து அறையின் அளவையே பின்னறைக்கும் எழுதியிருந்தார்.

"ஜன்னலைத் திறன்னு கெஞ்சினாரு. திறக்கக்கூடாதுன்னு நீங்க சொல்லியிருந்தீங்களா, நான்தான் விடல. பாவி நான்."

மெக்கானிக் கருவிப் பையைத் தூக்கிக்கொண்டார்.

"நான் பாக்கறேன்மா."

பின்னறையில் மருந்து வாடை இன்னும் இருந்தது. இயந்திரத்தை நிறுத்தினார். வீடே அமைதியானது. ஸ்டூலில் ஏறி, கூரையில் காற்று வரும் துளையருகே ஒரு காகிதத்தைப் பிடித்தார்.

காகிதம் ஒட்டிக்கொண்டது.

விலகியது.

மறுபடி ஒட்டியது.

மூடியைக் கழற்றிக் கையை உள்ளே விட்டார். முழங்கை ஆழத்தில் ஒரு துணி தட்டுப்பட்டது. பூச்சு வேலையின்போது தூசி போகாமலிருக்க அவரே திணித்து, எடுக்க மறந்த அவருடைய நீலக் கட்டம் போட்ட துண்டு. அது ஈரமாக இருந்தது. வெதுவெதுப்பாகவும் இருந்தது.

இழுத்தார். உள்ளிருந்து யாரோ இழுத்தார்கள்.

"விட்டுடுங்க சார்," என்று கிசுகிசுத்தார்.

துண்டு கையோடு வந்தது. அதை அவசரமாகக் கருவிப் பைக்குள் திணித்து ஜிப்பை மூடினார். இயந்திரத்தை ஓடவிட்டதும் காற்று குபுகுபுவென்று கொட்டியது.

"என்ன இருந்துச்சு?" அம்மாள் வாசற்படியில் நின்றிருந்தார்.

ஒரே ஒரு உண்மையைச் சொன்னால் அந்த அம்மாளின் நெஞ்சுப் பாரம் இறங்கிவிடும். அது மெக்கானிக்குக்குத் தெரிந்தே இருந்தது.

"ஒண்ணுமில்லம்மா. தூசிதான்."

"அப்ப என்னாலதான்..." என்று அந்த அம்மாள் சுவரில் சாய்ந்துகொண்டார்.

மெக்கானிக் திரும்பிப் பார்க்காமல் வேனுக்கு வந்தார். நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினார். தெருமுனை தாண்டியதும் அந்தச் சத்தம் கேட்டது. ஈரமான, நீண்ட இழுப்பு.

பக்கத்து சீட்டில் கருவிப் பை மெல்ல உப்பியது. அடங்கியது. உப்பியது.

தன் மேலேயே அவருக்கு அருவருப்பாக இருந்தது. ஆனாலும் வண்டியைத் திருப்பக் கை வரவில்லை.

"நாளைக்கு வந்து சொல்லிடறேன் சார்," என்றார்.

பை அசையாமல் நின்றது.

பிறகு, முன்னைவிட வேகமாக, மூச்சு வாங்கத் தொடங்கியது.