சீவிய உருளை

மூன்றாம் முறை சீவிய பிறகும் அந்த மெழுகு உருளைக்குள் யாரோ மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள்.

சேகரிப்பாளர் ஊசியைத் தூக்கினார். ஜன்னலில் மதிய மழை. அறை முழுக்கச் சூடேறிய மெழுகின் வாடை. அலமாரிகளில் வாயைப் பிளந்து நிற்கும் பித்தளைக் குழல்கள். நாற்பத்தொரு பழைய போனோகிராஃபுகள், மெழுகு உருளையில் குரலைப் பதிந்து திரும்பக் கேட்கும் பெட்டிகள். எல்லாம் விவரம் தெரியாதவர்களிடம் சிரித்துப் பேசித் தட்டிக்கொண்டு வந்தவை.

கடைசியாக வந்தது ஒரு தையற்காரியினுடையது. மெக்கானிக்கான அவள் அண்ணன், சாவதற்கு முன் தன் பேச்சை ஓர் உருளையில் பதிந்து வைத்திருந்தான்.

"மிஷினை வெச்சுக்குங்க சார். ஞாயித்துக்கிழமை வந்து அதை மட்டும் ஒரு தடவை கேட்டுட்டுப் போறேன். அவன் குரல் வேற எதுலயும் இல்ல."

"அதுக்கென்னம்மா, தாராளமா வா," என்றார், தேனொழுக.

பாட்டா, கச்சேரியா? "சாப்பிட்டியா, குடை எடுத்துக்கிட்டியா" என்று ஒரு மெக்கானிக்கின் உளறல். புதிதாகப் பதிய வெற்று உருளை கிடைப்பதோ குதிரைக்கொம்பு. இன்று காலை, பேச்சு பதிந்திருந்த மேல்தோலைச் சீவி எறிந்தார். பூஞ்சை தின்றுவிட்டது என்றால் நம்பிவிடுவாள், பாவம். இரண்டே நிமிடப் பேச்சு அது. அந்த இரண்டு நிமிடத்தைக் கொடுக்கும் மனசு அவரிடம் இல்லை.

சோதிக்க, "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று தன் குரலைப் பதிந்தார். திரும்பப் போட்டால் எண்கள் இல்லை. மூச்சு மட்டும். மறுபடி சீவினார். மூச்சு நெருங்கியது. மறுபடியும்.

இப்போது நான்காம் முறை. கத்தி மெழுகைத் தொட்டதும் அவர் தொண்டை எரிந்தது.

அழைப்பு மணி.

வாசலில் தையற்காரி, நனைந்த குடையோடு. "தூசி படக் கூடாதுன்னு மிஷினுக்கு ஒரு உறை தெச்சேன் சார். சும்மாதான், பிரியத்துக்கு. அண்ணனைப் போடுறீங்களா?"

வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை.

உள்ளே, நின்றுபோன உருளையின் குழலிலிருந்து அவர் குரல் வந்தது. "பூஞ்சை புடிச்சிருச்சும்மா."

"உள்ள யாரு சார்?"

"இல்ல. நாந்தான் சீவிட்டேன்," என்றது குழல்.

உறை அவள் கையிலிருந்து நழுவியது. அவள் குழலைப் பார்க்கவில்லை. அவர் முகத்தையே பார்த்தபடி ஒவ்வொரு படியாகப் பின்வாங்கினாள்.

தொண்டையைத் தொட்டார். வழவழப்பு.

மோவாய். வழவழப்பு.

விரல்கள் உதட்டைத் தேடின. ஒரு காதிலிருந்து மறு காதுவரை வெதுவெதுப்பான மெழுகு, ஒரு கீறலுமில்லாமல். உள்ளே குழல், அவர் குரலில், "காப்பாத்தும்மா, காப்பாத்து" என்று கதறிக்கொண்டிருந்தது.