இறக்கி வைக்க இடமில்லை

முந்தின நாள் போட்ட கான்கிரீட்டில் இரண்டு பாதங்கள் பதிந்திருந்தன. ஈரத்தில் யாராவது மிதிப்பது உண்டுதான். ஆடு மிதிக்கும், நாய் மிதிக்கும், வேலை முடிவதற்குள் வாக்கிங் வந்துவிடும் பெரியவர்களும் மிதிப்பார்கள். ஆனால் நேற்று சாயங்காலம் பாண்டிச்செல்வம் அதே இடத்தில் பூட்ஸ் காலோடு நின்று, நன்றாக இறுகிவிட்டது என்று பார்த்த பிறகுதான் வீட்டுக்குப் போனான். பாதங்கள் சின்னவை, பெண்பிள்ளையுடையவை போல. பக்கத்தில் பக்கத்தில், விரல்கடை ஆழத்துக்கு இறங்கியிருந்தன. அங்கே வந்த தடமும் இல்லை, போன தடமும் இல்லை.

ராஜபாளையத்துப் பழைய மில்லிலிருந்து மம்சாபுரம் பக்கமாக ஒரு காலத்தில் ட்ராம் ஓடிய பாதை அது. தண்டவாளத்தைப் பெயர்த்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. ஊருக்குள் ஒரு கிலோமீட்டர் ஏற்கெனவே நடைபாதையாகி, காலையில் கூட்டம் தாங்கவில்லை. மேற்கொண்டு இரண்டு கிலோமீட்டர் நீட்டும் வேலைக்கு, பட்டாளத்திலிருந்து திரும்பியிருந்த பாண்டிச்செல்வம் சூப்பர்வைசர். தென்னந்தோப்பைத் தாண்டினால் அவன் வீடு. வீட்டில் நாச்சியார். கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து அவளுக்கு இப்போது எட்டாம் மாதம். டாக்டர் படியேறக்கூடாது, குடம் தூக்கக்கூடாது என்று சொல்லியிருந்தார். அவள் தும்மினால்கூட இவன் ஓடிப்போய்ப் பார்ப்பான்.

பாதங்கள் பதிந்த இடத்துக்கு எதிரே சுமைதாங்கி இருந்தது. நட்டு வைத்த இரண்டு கல், மேலே குறுக்கே ஒரு கல், ஆள் தோள் உயரம். அந்தக் காலத்தில் வயிற்றுப் பிள்ளையோடு ட்ராமில் அடிபட்டுச் செத்த ஒருத்திக்கு, அவள் சுமை இறங்கட்டும் என்று வீட்டார் வைத்தது. விறகோ புல்லோ கொண்டுவருகிறவர்கள் அதில் தலைச்சுமையைத் தள்ளிவிட்டு மூச்சு வாங்குவார்கள். போன வாரம் பாண்டிச்செல்வம் அதை முழங்கால் உயரத்துக்கு வெட்டச் சொன்னான். நடக்கிறவர்களுக்கு நல்ல பெஞ்சு ஆயிற்று.

"அண்ணாச்சி, இத வெட்டுன நாள்லருந்து எனக்குக் கழுத்து வலி," என்றாள் சித்தாள் ஏசம்மாள், பாதங்களைக் குனிந்து பார்த்தபடி. "வெறுந்தலையா நடந்தாலே கனக்கு."

கொத்தனார் இசக்கிமுத்து சிரித்தான். கல்லை மிஷின் வைத்து வெட்டியது அவன்தான். "கனக்குறதுக்கு ஒன் மண்டைக்குள்ள என்னட்டி இருக்கு?"

"ஒன் மண்டையில மிஷின் சத்தமாவது இருக்கு, அது போதும் ஒனக்கு. நீரு சொல்லும் அண்ணாச்சி, இவன் அதுல உக்காந்து சோறு திங்கான்."

"சர்ச்சுக்குப் போறவளுக்கு எதுக்கு இந்தப் பயம்? போய் மணல அள்ளு," என்றான் பாண்டிச்செல்வம்.

சொல்லிவிட்டானே தவிர, பத்து மணிக்கு மறுபடி போய்ப் பார்த்தான். பாதங்கள் ஒரு சாண் ஆழம் போயிருந்தன. பன்னிரண்டு மணிக்குக் கெண்டைக்கால் அளவு. உச்சி வெயிலில் சிமெண்டு வாசனையும், தோப்பிலிருந்து வந்த அழுகின மட்டை வாசனையும் போய், பிரசவ வார்டில் அடிக்கும் அந்த வெதுவெதுப்பான வீச்சம் மட்டும் மூக்கில் நின்றது. குருவிச் சத்தம் இல்லை. அந்த இரண்டு குழிகளின் ஓரத்தில் கான்கிரீட் பொடி மட்டும் மெல்ல, தானாக, உள்ளே சரிந்துகொண்டிருந்தது.

டேப்பை எடுக்கத் திரும்பினான். பின்னால் ஒரு சத்தம். ஆலையில் முழுக்கரும்பைக் கொடுத்தால் வருமே, அந்த நொறுங்கல்.

இசக்கிமுத்து கல்லின்மேல் உட்கார்ந்தபடியேதான் இருந்தான். மடியில் தூக்குச்சட்டி. வாயில் சோறு. கழுத்து இல்லை. காதுகள் தோளுக்குள் புதைந்து, நாடி நெஞ்சுக்குள் இறங்கி, சட்டைப் பொத்தான்களின் நடுவே வெள்ளையாக ஒரு எலும்பு வெளியே வந்திருந்தது. கண் மட்டும் இன்னும் சிமிட்டியது. பிறகு அதுவும் நின்றது.

ஏசம்மாள் கத்திக்கொண்டே தோப்பு வழியாக ஓடினாள். பாண்டிச்செல்வம் இசக்கிமுத்துவின் பக்கம் ஒரு எட்டு வைத்தான்.

"ஐயா, செத்த இறக்கி விடுங்க."

முதுகுக்குப் பின்னால், மூச்சு முட்டிய குரல். அந்தப் பக்கத்தில் தலைச்சுமைக்காரி அப்படிக் கேட்டால் போகிறவர் யாராக இருந்தாலும் சைக்கிளைச் சாய்த்துவிட்டுக் கைகொடுப்பார்கள். யோசிக்கிற காரியமே இல்லை. அவன் திரும்புவதற்குள் கைகள் தாமாகவே உயர்ந்துவிட்டன.

எதிரே யாரும் இல்லை. கைகளில் ஏதோ வந்து உட்கார்ந்தது. ஈரமாக. சூடாக. உள்ளே ஒரு உதை.

குழிக்குள்ளிருந்து ஒரு பெருமூச்சு. யாரோ முதுகை நிமிர்த்தும் எலும்புச் சொடுக்கு. பிறகு குழிகள் வெறும் குழிகள்.

இப்போது அது அவன் தலைமேல். கையை உதற முடியவில்லை. ஒட்டிக்கொண்டது. கீழே வைக்கலாம் என்று குனிந்தான். கழுத்தில் ஒரு எலும்பு நகர்ந்தது. குனியக்கூடாது. தோள் உயரத்தில் ஏதாவது வேண்டும். பழைய மில் சுவர்? இடித்தாயிற்று. பாதையோரக் கரை மேடு? சமமாக்கியாயிற்று. இரண்டு கிலோமீட்டருக்கும் எல்லாவற்றையும் அவனே நின்று மட்டப்படுத்தியிருந்தான்.

நடந்தான். ஒவ்வொரு எட்டுக்கும் காலடியில் கான்கிரீட் வெடித்தது. மேல்பல் கீழ்ப்பல்லை அழுத்தியது. ஒரு பல் உடைந்தது. இன்னொன்று. வாயைத் திறக்க முடியவில்லை.

தோப்பு முனையில் நாச்சியார் வந்துகொண்டிருந்தாள். ஏசம்மாள் சொல்லியிருக்க வேண்டும். வயிற்றில் ஒரு கை, புடவையில் ஒரு கை, கிட்டத்தட்ட ஓட்டம்.

"ஏங்க! என்னங்க ஆச்சு? தலையில என்னத்தத் தூக்கிட்டு வாரீய? ரத்தமா ஒழுகுது!"

போ என்று சொல்லப் பார்த்தான். உறுமல்தான் வந்தது. பின்னால் எட்டு வைத்தான். கால் கணுக்கால்வரை தரைக்குள் போனது. எடுக்க முடியவில்லை.

"இந்தாங்க, ஒத்தையில எதுக்குத் தூக்குதீய? நான் ஒரு கை பிடிக்கேன்."

தலையை ஆட்டினான். ஆடவில்லை. கண்ணால் கெஞ்சினான். அவளுக்கு வலி என்றுதான் புரிந்தது. நுனிக்காலில் எம்பி, இரண்டு கைகளையும் நீட்டினாள்.

கழுத்து லேசாயிற்று. நெஞ்சு நிறையக் காற்று வந்தது. அப்படி ஒரு சுகம் அவன் பிறந்ததிலிருந்து கண்டதில்லை.

நாச்சியாரின் கைகளில் வளைகாப்பு வளையல்கள் மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை ஒவ்வொன்றாக உடைந்தன. பயப்படாதீங்க என்பதுபோல அவனைப் பார்த்துச் சிரிக்க முயன்றாள். அந்தச் சிரிப்போடு அவள் முகம் அவளுடைய தோள்களுக்குள் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது.