பல் டாக்டர் காரின் ரகசிய பட்டன்

துருவியின் அம்மா ஒரு வாரமாகச் சூடான தேநீரே குடிக்கவில்லை.

கோப்பையைக் கையில் எடுப்பார். ஒரு வாய் குடிப்பார். உடனே எழுந்து ஜன்னலுக்கு ஓடுவார். மூன்றாவது மாடியிலிருந்து கீழே எட்டி, கார் இருக்கிறதா, கண்ணாடி முழுசாக இருக்கிறதா என்று பார்ப்பார். திரும்பி வருவதற்குள் தேநீர் பச்சைத் தண்ணீராக ஆறிப்போயிருக்கும்.

அம்மாவைச் சொல்லிக் குற்றமில்லை. போன வாரம் யாரோ காரின் பின்கண்ணாடியை உடைத்து, ஸ்பீக்கர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

அம்மாவின் வேலை பொம்மலாட்டம். பள்ளிக்கூடம், மருத்துவமனை என்று காரிலேயே சுற்றி ஆட்டம் நடத்துவார். காரின் பின்பக்கக் கம்பியில் ஒன்பது பொம்மைகள் வரிசையாகத் தொங்கும். ராஜா, ராணி, நரி, தவளை, மூக்கு நீண்ட பூதம்... எல்லாமே அம்மா தன் கையால் செய்தவை. ஸ்பீக்கர் போனால் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம். பூதம் போனால் எந்தக் கடையில் போய்க் கேட்பது?

அதனால் தினமும் மாலையில் ஒன்பது பொம்மைகளும் மூன்று மாடி ஏறின. காலையில் மூன்று மாடி இறங்கின. நரியையும் தவளையையும் துருவி தூக்குவாள். மற்ற ஏழும் அம்மா தோளில். அம்மாவின் முழங்கால் வீங்கியேவிட்டது.

"பேசாம இந்த வேலையையே விட்டுடலாமான்னு இருக்கு" என்றார் அம்மா, படியில் உட்கார்ந்துகொண்டு.

துருவி சட்டென்று அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். அம்மா விட்டுவிட்டால் அந்தப் பூதத்துக்கு யார் தும்மல் போடுவது? அம்மா மாதிரி தும்ம உலகத்தில் ஆளே கிடையாது.

அப்பா மார்பைத் தட்டிக்கொண்டார். "இதுக்குப் போய் கவலைப்படலாமா? காருக்கு அலாரம் மாட்டிடுவோம். தொட்டா தெருவே அலறணும்!"

அப்பாவுக்கு நூலகத்தில் வேலை. நாள் முழுக்கக் குசுகுசுவென்றே பேச வேண்டியிருப்பதால், வெளியே வந்தால் அவருக்கு எல்லாமே சத்தமாக இருக்க வேண்டும். துருவிக்கு அந்தச் செல்லப்பெயரை வைத்ததும் அவர்தான். கேள்வி மேல் கேள்வி கேட்டு ஆளைத் துருவி எடுத்துவிடுவாளாம்.

சனிக்கிழமை காலை மூவரும் கிளம்பினார்கள்.

முதலில் போன கடை பளபளவென்று இருந்தது. தரையில் முகம் பார்க்கலாம். சுவர் முழுக்க விதவிதமான சைரன்கள். கடைக்காரர் மூச்சு விடாமல் பேசினார்.

"சார், இதுதான் இருக்கறதுலயே பெருசு. காரைத் தொட்டா கத்தும். ஆட்டினா கத்தும். உள்ளே ஒரு கொசு பறந்தாக்கூடக் கத்தும்! கேக்கறீங்களா?"

அவர் ஒரு பட்டனை அமுக்கினார். துருவி காதைப் பொத்திக்கொண்டாள். அம்மா நாற்காலியில் சாய்ந்தேவிட்டார். அப்பாவின் முகம் மட்டும் மலர்ந்துபோயிருந்தது.

"பிரமாதம்!" என்று கத்தினார் அப்பா. சைரன் நின்று வெகு நேரம் ஆகியிருந்தது.

"அங்கிள், ரிமோட் தொலைஞ்சுபோனா இதை எப்படி நிறுத்தறது?" என்று கேட்டாள் துருவி.

"அப்படிக் கேளு! அதுக்குத்தான் காருக்குள்ளயே ஒரு ரகசிய பட்டன் வைப்பேன். அதை அமுக்கினா அலாரம் கப்சிப். அது எங்க இருக்குன்னு உங்களுக்கு மட்டும்தான் தெரியும். வேற ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது."

"எங்க கீழ்வீட்டு பல் டாக்டர் கார்லகூட உங்க கடை ஸ்டிக்கர் இருக்கே. அதுலயும் ரகசிய பட்டன் இருக்கா?"

"பச்சைக் காரு! முன்னாடி லேசா நசுங்கியிருக்குமே? நான்தான் மாட்டினேன்" என்றார் கடைக்காரர் பெருமையாக. "பிரேக் இருக்கு பாரு, அதுக்கு மேல இடதுபக்கமாக் கையை விட்டா ஒரு குமிழ் தட்டுப்படும். எவனாலயும் கண்டுபிடிக்க முடியாது!"

"அடேங்கப்பா!" என்றாள் துருவி.

"அப்போ இங்கயே மாட்டிடலாம்" என்றார் அப்பா. அம்மாவும் சரி என்று தலையாட்டி, பையிலிருந்து கார் சாவியை எடுத்தார்.

துருவிக்கு மட்டும் ஏதோ நெருடியது. அவள் அம்மாவின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக் காதில் கிசுகிசுத்தாள்.

"அம்மா, டாக்டர் கார் பட்டன் எங்க இருக்குன்னு இப்போ எனக்குத் தெரியும்."

"அதுக்கென்ன இப்போ?"

"நாளைக்கு வேற யாராவது வந்து நம்ம காரைப் பத்திக் கேட்டா?"

சாவியை நீட்டிய அம்மாவின் கை அப்படியே நின்றது. பிறகு சாவி மறுபடியும் பைக்குள் போய்விட்டது.

"நாங்க கொஞ்சம் யோசிச்சுட்டு வர்றோம்" என்று அம்மா எழுந்துகொண்டார்.

"நல்ல சைரன் அது..." என்று அப்பா தெருமுனை வரைக்கும் முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

அடுத்து அவர்கள் போனது ஒரு சின்னப் பட்டறை. பளபளப்பு ஒன்றும் இல்லை. உள்ளே ஒரு ரொட்டிக் கடை வேன் நின்றிருந்தது. அதன் கதவு வழியாக இரண்டு கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன.

"ரெண்டே நிமிஷம்!" என்றன கால்கள்.

கொஞ்ச நேரத்தில் கால்களைத் தொடர்ந்து ஒரு அம்மா வெளியே வந்தார். தலையில் தூசி. காதில் ஒரு பென்சில். அலாரம் வேண்டும் என்று அப்பா வாயைத் திறப்பதற்குள் அவரே கேட்க ஆரம்பித்துவிட்டார்.

"என்ன வண்டி? எங்க நிறுத்துவீங்க? பக்கத்துல பெரிய ரோடு இருக்கா? ஓட்டறது யாரு? உள்ளே என்ன வைப்பீங்க?"

"உனக்குப் போட்டியா ஒரு ஆள் இருக்காங்கடி" என்று அப்பா துருவியிடம் கிசுகிசுத்தார்.

பட்டறை அம்மா காரின் பின்கதவைத் திறந்து பார்த்தார். பொம்மைகளைப் பார்த்ததும் அவர் முகம் சிறு பிள்ளை முகமாகிவிட்டது. நரியின் வாலை விரலால் சுண்டினார். நரி ஆடியது. நரி இடித்து ராணி ஆடினாள். ராணி இடித்து பூதம் ஆடியது.

"உள்ளே அசைஞ்சா கத்தற அலாரம் உங்களுக்குச் சரிப்படாது" என்றார். "ஒரு லாரி அந்தப் பக்கம் போனா போதும், நரி ஆடும். நரியைத் திருடன்னு நினைச்சு அலாரம் கத்தும். ரெண்டு நாள் பார்த்துட்டு நீங்களே அலாரத்தை அணைச்சு வச்சிடுவீங்க. கதவைத் திறந்தாலோ கண்ணாடியைத் தட்டினாலோ கத்தற மாதிரி மாட்டறேன். அது போதும்."

"சைரன்?" என்று அப்பா ஆவலாகக் கேட்டார்.

"ஊர்க்காரங்க எட்டிப் பாக்கற அளவுக்குக் கத்தும். ஊரைக் காலி பண்ற அளவுக்கு வேணாம் சார்."

அப்பா அரை மனதாகத் தலையாட்டினார்.

"மாட்டி முடிச்சதும் ஒயர் போற வழியெல்லாம் காட்டுவேன். நீங்க பார்த்த பிறகுதான் மூடுவேன்" என்றார் பட்டறை அம்மா.

அம்மாவின் கை சாவிப் பக்கம் போனது. ஆனால் துருவி இன்னும் ஒரு கேள்வி பாக்கி வைத்திருந்தாள்.

"ஆன்ட்டி, அந்த ரொட்டி வேன்ல ரகசிய பட்டன் எங்க வச்சிருக்கீங்க?"

"ரொட்டிக்காரரைக் கேளு."

"அவரு இங்க இல்லையே. எனக்கு மட்டும் சொல்லுங்க. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

"ரொம்ப நல்லது. நானும் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

"ஒரே ஒரு துப்பு?"

பட்டறை அம்மா காதிலிருந்த பென்சிலை எடுத்து மோவாயைச் சொறிந்தார். "வேனுக்குள்ள இருக்கு."

அம்மா வாய்விட்டுச் சிரித்தார். ஒரு வாரத்துக்குப் பிறகு வந்த முதல் சிரிப்பு அது. சிரித்துக்கொண்டே சாவியைக் கொடுத்துவிட்டார்.

மதியம் வேலை முடிந்தது. ஒயர் போன வழியை மூவரும் பார்த்தார்கள். ரகசிய பட்டனைக் காட்டும் நேரம் வந்ததும், பட்டறை அம்மா அப்பாவையும் துருவியையும் தெருவுக்கு அனுப்பிவிட்டார்.

"நானுமா?" என்றார் அப்பா.

"நீங்க ஓட்டறதில்லையே சார். வேணும்னா உங்க வீட்டம்மா சொல்லட்டும்."

பிறகு சோதனை. பட்டறை அம்மா பொம்மைகளை ஆட்டிவிட்டு, கதவைச் சாத்தி, அலாரத்தைப் போட்டார். ஒன்பது பொம்மைகளும் உள்ளே ஆடு ஆடு என்று ஆடின. கார் அமைதியாக இருந்தது. அடுத்து கண்ணாடியில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார். கார் வீல் வீல் என்று கத்தியது! எதிர்வீட்டுக் கூரைப் புறாக்கள் மொத்தமும் பறந்தன.

"நல்லாத்தான் கத்துது" என்று அப்பா ஒப்புக்கொண்டார்.

வீடு திரும்பும்போது துருவிக்கு ஒரே உறுத்தல். அடுத்தவர் ரகசியம் ஒன்று அவள் தலைக்குள் உட்கார்ந்திருந்தது. நல்ல வேளையாக, பல் டாக்டர் வாசலிலேயே தன் பச்சைக் காரைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"டாக்டர், உங்க கார் ரகசிய பட்டன் எங்க இருக்குன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு" என்று படபடவென்று சொன்னாள். "தெரியாமத்தான் கேட்டேன். திட்டாதீங்க."

டாக்டர் குழாயை அப்படியே கீழே போட்டார். "எங்கம்மா இருக்கு?"

"என்ன?"

"மூணு மாசமா நானே தேடிட்டிருக்கேன்! சுத்தமா மறந்துபோச்சு!"

துருவி அவர் காதில் சொன்னாள். டாக்டர் காருக்குள் தலையை விட்டுத் துழாவினார். "ஆ, இருக்கு இருக்கு!" என்றார். வெளியே வந்தபோது அவர் முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டிருந்தது.

"ஆமா, இது உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

துருவி நடந்ததைச் சொன்னாள்.

"அப்போ கேட்டவங்களுக்கெல்லாம் சொல்வாரா அந்த ஆளு? நல்ல வேளை, வந்து சொன்னே! அந்தப் பட்டறை எங்க இருக்கு? இப்பவே போய் இடத்தை மாத்திடறேன்."

"இந்தத் தடவை மறந்துடாம எழுதி வச்சுக்கோங்க டாக்டர்."

"எங்க எழுதி வைக்கறது?"

"அதை மட்டும் என்கிட்ட சொல்லாதீங்க!" என்று துருவி மாடிக்கு ஓடிவிட்டாள்.

அன்று மாலை பொம்மைகள் மாடி ஏறவில்லை. காரிலேயே சுகமாகத் தொங்கிக்கொண்டிருந்தன. அம்மா தேநீர்க் கோப்பையோடு நாற்காலியில் உட்கார்ந்தார். கண் மட்டும் ஒரு முறை ஜன்னல் பக்கம் போனது. துருவியும் அப்பாவும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள்.

அம்மா எழுந்திருக்கவில்லை. காலை நீட்டிக்கொண்டு, கோப்பையைத் தூக்கி ஒரு பெரிய வாயாகக் குடித்தார்.

"ஸ்ஸ்... ஆ! நாக்கே வெந்துபோச்சு!" என்று சந்தோஷமாகக் கத்தினார்.