நீல மையில் ஒரு கையெழுத்து

"நாளைக்குப் பதினோரு மணிக்கு ஈஸ்வர் இயக்குநர் நாற்காலியில உக்காந்துருவாருங்க. அதுக்குள்ள ஏதாவது பண்ண முடியுங்களா?"

ஃபேர்லேண்ட்ஸ் பகுதியில் துப்பறிவாளர் அன்பழகனின் அறைக்குள் வந்ததும் கோகிலவாணி கேட்டது இதைத்தான். பல்கலைக்கழகப் பொதுக்கொள்கை ஆய்வு மையத்தின் துணை இயக்குநர் அவர். அங்கே பதினேழு வருட உழைப்பு. "எனக்கப்புறம் நீங்கதான்" என்று பழைய இயக்குநர் சவரிராயன் எல்லோர் முன்னாலும் சொல்லியிருந்தார். ஆனால் தேர்வுக் குழுவிடம் வந்த அவருடைய பரிந்துரைக் கடிதத்தில், அதே மையத்தில் வேலைபார்க்கும் ஈஸ்வரின் பெயர் இருந்தது. அவரிடமே கேட்கலாமென்றால், ஓய்வுபெற்ற பத்தாம் நாள் பக்கவாதம் வந்து பேச்சில்லாமல் கிடக்கிறார். என்ன கொடுமை பாருங்கள்.

"போலிக் கையெழுத்துதான் சார்" என்றாள் உதவியாளர் நிலா. அவளுக்கு எல்லாமே போலிதான்.

"இல்லீங்க, அவர் கையெழுத்தேதான். குழு சரிபார்த்துட்டாங்க."

அன்பழகன் கடிதத்தைப் பார்த்தார். மே 28 என்று தேதியிட்டு, நீல மையில் கையெழுத்து. அதே நாளில் சவரிராயன் ஒப்பமிட்ட மற்ற மூன்று கோப்புகளையும் கோகிலவாணியிடம் கேட்டு வாங்கிப் பார்த்தார். மூன்றிலும் பச்சை மை.

கண்ணாடி எடுக்கக் கோகிலவாணி கைப்பையைத் துழாவியபோது ஒரு பேனா மேசையில் விழுந்தது. "சவரிராயன் சாரோட பச்சைப் பேனாங்க. மே 31, பல்கலைக்கழக உத்தரவுப்படி தற்காலிகப் பொறுப்பை ஈஸ்வர்கிட்டக் குடுத்ததும், 'இனிமே பச்சை மையில எழுத எனக்கு உரிமையில்லை'ன்னு என்கிட்டத் தந்துட்டாரு."

அன்பழகன் பேனாவைத் திறந்து, கடிதத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "அப்போ இது ஓய்வுபெற்ற பிறகு எழுதினதுங்க. தேதியில பொய் சொன்னவருக்கு மையில பொய் சொல்ல மனசு வரல. சும்மா எழுதிக் குடுத்திருக்க மாட்டாரு. சரி, ஜூன் மாசம் ஈஸ்வர் தனியா யாருக்காவது உதவி பண்ணினாருங்களா?"

கோகிலவாணி யோசித்தார். "ஒப்பந்தப் பணியாளர் பதினோரு பேருங்க. பணி நீட்டிப்பு ஒருத்தருக்குத்தான் வந்துச்சு. ஜெபமலருக்கு, ஜூன் ரெண்டாந்தேதி." சொல்லும்போதே அவர் முகம் வெளுத்தது. ஜெபமலர் சவரிராயனின் மகள்.

அன்று மாலை சவரிராயனின் கொண்டப்பநாயக்கன்பட்டி வீட்டில், அப்பாவின் கட்டிலருகே ஜெபமலர் எதையும் மறைக்கவில்லை. "ஈஸ்வர் சார் ஊட்டுக்கே வந்தாருங்க. மையத்துக் கடிதத் தாளும் கொண்டாந்தாரு. நீட்டிப்பு வேணும்னா எழுதுங்கன்னாரு. எனக்காகத்தான் அப்பா எழுதினாரு."

"இதை எழுதிக் குடுங்க. நாளைக்கு நடக்கறதை நிறுத்திடலாம்" என்றார் அன்பழகன்.

"குடுக்கறேனுங்க. ஆனா அப்பா முன்தேதி போட்டது ஊருக்கே தெரிஞ்சுரும். அவருக்குப் பேச்சுதான் இல்லீங்க, எல்லாம் புரியுது."

சவரிராயன் கோகிலவாணியையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணோரம் வழிந்ததைத் துடைக்க அவர் கை எழவில்லை. கோகிலவாணிதான் துடைத்துவிட்டார்.

"வேண்டாம் சாமி, எழுதாதே" என்றார் ஜெபமலரிடம்.

"மேடம், உண்மை நம்ம கையில இருக்குங்க" என்றாள் நிலா.

"இருக்குது. அதை வெச்சு இவரை அடிக்க என்னால முடியலீங்க."

அன்பழகன் எழுத நீட்டிய தாளை மடித்துப் பைக்குள் வைத்தார். இத்தனை வருட அனுபவமும் அந்தக் கட்டிலருகே ஒன்றுக்கும் உதவவில்லை.

மறுநாள் பதினோரு மணிக்குப் பொறுப்பேற்பு அறிக்கையில் ஈஸ்வர் புத்தம்புதுப் பச்சைப் பேனாவால் கையெழுத்திட்டார். சாட்சி என்ற இடத்தில், நீல மையில், கோகிலவாணி தன் பெயரை எழுதினார்.