கம்பளி இருக்கையில் ஒரு பிணம்

பிணத்தின் கால்களில் காலணி இல்லை!

அம்புரோஸ் பெல்சேம்பர். ஆல்டர்மியர் கார்ச் சங்கத்தின் தலைமை நடுவர். சர் லயனல் வேவர்ட்டனின் 1929 ஆல்டர்மியர் காருக்குள், பின்னிருக்கையில் கவிழ்ந்து கிடந்தார். பின்மண்டை பிளந்திருந்தது.

அவருக்கு அடியில் சுருக்கமின்றி விரிக்கப்பட்ட தடித்த தூசு விரிப்பு. வெளியே, ஈரப் புல்லில், அவருடைய காலணிகள் இரண்டும் சந்நிதிக்கு வெளியே விட்டதுபோல் ஜோடியாக...

அலறியது ஐஸ்கிரீம் வண்டிக்காரர்.

சங்கத்தார் ஒருவரும் அலறவில்லை.

"யோவ், கதவை அடிச்சு மூடாதே! பெயின்ட் போயிடும்!" என்று மட்டும் ஒரு குரல் எழுந்தது.

டார்பிஷயரின் மார்ல்கோம் மாளிகைப் புல்வெளி. ஆண்டுக்கொரு முறை ஆல்டர்மியர் அடியார்கள் இங்கே கூடுவார்கள். காது குடையும் பஞ்சுக்குச்சியால் சக்கரக் கம்பிகளைத் துடைப்பார்கள். உற்சவ மூர்த்திக்கும் கிட்டாத திருமஞ்சனம் அந்த இரும்புக்குக் கிட்டும். பெற்ற தாய் முதியோர் இல்லத்தில் இருப்பாள். கார், வெப்பமூட்டிய கொட்டகையில் இருக்கும்!

இன்ஸ்பெக்டர் மெரியல் ஆட்கின்ஸ் தன் சின்னஞ்சிறு கொரியக் காரில் வந்திறங்கினாள். வாசலில் நின்ற தொண்டர் முகம் சுளித்தார்.

"அதைக் குதிரைக் கொட்டடிக்குப் பின்னால நிறுத்துங்கம்மா. பார்வைக்கு நல்லா இல்ல."

"உள்ளே ஒரு ஆள் செத்துக் கிடக்கிறார். அது பார்வைக்கு நல்லா இருக்கா?"

தொண்டர் சற்று யோசித்தார்.

"அவர் 1929 ஆல்டர்மியருக்குள்ள கிடக்கிறாரும்மா."

மெரியல் காரை அங்கேயே நிறுத்தினாள்.

சார்ஜென்ட் டிக்பி அதற்குள் ஒரு காரின் முன்னால் வாய்பிளந்து நின்றிருந்தான். அது சர் லயனலின் காருக்கு உடன்பிறந்தாற்போன்ற இன்னொரு ஆல்டர்மியர். அதே நீலம். அதே வெள்ளி முகப்பு. பக்கத்தில் வெள்ளைக் கையுறையுடன் அதன் உரிமையாளர், மிஸ் ஆக்டேவியா கிரிம்ஷா. அறுபதைக் கடந்த, விறைத்த பெண்மணி.

"இதுக்கு எத்தனை குதிரை சக்தி மேடம்?"

"போதுமானது."

"இல்ல, ஒரு நம்பர்..."

"நம்பர் கிடையாது தம்பி! ராஜாவே கேட்டாலும் ஆல்டர்மியர் கம்பெனி சொன்ன பதில் அது ஒண்ணுதான். போதுமானது. எத்தனைன்னு கேக்கிறவனுக்கு வாங்க வக்கில்லைன்னு அர்த்தம்!"

டிக்பி காது சிவந்து விலகினான்.

மெரியல் அவனைத் தனியே இழுத்தாள்.

"என்னய்யா விவகாரம்?"

"ரெண்டு வண்டி மேடம். அதுல ஒண்ணுதான் அசல்."

அவன் சொன்னதன் சாரம் இது. அந்நாளில் ஆல்டர்மியர் தொழிற்சாலை முழுக் கார் விற்றதில்லை. அடிச்சட்டமும் இயந்திரமும் மட்டுமே அதன் சரக்கு. மேற்கூட்டை வண்டிகட்டும் தச்சுக்கூடங்கள், செல்வரின் மனம்போல் கட்டிக்கொடுத்தன. 1929 லண்டன் கண்காட்சியில் நின்ற முதல் காரை வாங்கியவர் யார்க்ஷயர் கம்பளி ஆலை முதலாளி ஒருவர். ஆக்டேவியாவின் தாத்தா! ஆலை நொடித்தது. கார் கைமாறியது. போர்க்குண்டில் தொழிற்சாலை ஆவணங்கள் சாம்பலாயின. பின்னாளில் ஆக்டேவியாவின் தந்தை அதைத் தேடிப்பிடித்து மீட்டதாக மார்தட்டினார். 'இல்லை, அசல் எங்கள் கொட்டகையில் நிற்கிறது' என்றது வேவர்ட்டன் குடும்பம்.

கம்பெனியோ எப்போதோ திவாலாகி, பெயர் மட்டும் ஜெர்மானியர் கையில் இருக்கிறது. பெருமை மட்டும் இன்னும் இங்கிலாந்திலேயே தங்கிவிட்டது!

"எது அசல்னு பெல்சேம்பர் இன்னிக்கு மேடையில அறிவிக்கிறதா இருந்தது மேடம். அதுக்குள்ள..."

"வாயை மூடிட்டாங்க. கூப்பிடு ரெண்டு பேரையும்."

சர் லயனல் வந்தார். கூடவே அவருடைய நனைந்த லாப்ரடார். ஒரு கையில் பன்றிக்கறி அடைத்துச் சுட்ட 'பை' பலகாரம். கோட்டெல்லாம் நாய் மயிர்.

"அவர் உங்க வண்டியில செத்திருக்கார், சர் லயனல்."

"தெரியும். மகா தொந்தரவு. டெக்சாஸ்லேருந்து ஒருத்தன் வாங்க வந்திருக்கான். வித்துட்டு மாளிகைக்குக் கூரை மாத்தலாம்னு பார்த்தா... பிணம் கிடந்த வண்டின்னு அடிமாட்டு விலைக்குக் கேப்பான்!"

"இரக்கமே இல்லையா லயனல்?" ஆக்டேவியா சீறினாள். "இன்ஸ்பெக்டர், இவன்தான் கொன்னான்! இவன் வண்டி போலின்னு பெல்சேம்பர் கண்டுபிடிச்சுட்டார். நேத்து எனக்கு போன்ல சொன்னார்!"

"அடிப் பாவி! மத்தியானம் என் பக்கத்துல உக்காந்து சாப்பிட்டவர், 'லயனல், உன்னுதுதான் அசல்'னு சொன்னாருடி!"

"பொய்!"

"ஏன் அசல்னு காரணம் சொன்னாரா?" என்றாள் மெரியல்.

சர் லயனல் பையை மென்றபடி நினைவைத் துழாவினார்.

"என்னமோ துணி, தோல்னாரு. நான் சரியாக் கேக்கல, பை நல்லா இருந்துது... ஆங்! 'வேலைக்காரன்தான் தோல்ல உக்காருவான், லயனல்'னு சொல்லிச் சிரிச்சாரு. டிரைவர் சீட்டுக்குக் கூரை கிடையாதே, மழையில நனையும். அதனால அவனுக்குத் தோல். பின்னால உக்கார்ற முதலாளிக்கு மெத்துனு கம்பளி. அதுவும் கிரிம்ஷா ஆலையில, இந்த ஒரு வண்டிக்குன்னே நெய்த கம்பளியாம்."

மெரியல் இரு கார்களையும் எட்டிப் பார்த்தாள். ஆக்டேவியாவின் காரில் முன்னும் பின்னும் பளபளக்கும் தோல்.

"இது?"

"அப்பா புதுசா மாத்தினது." ஆக்டேவியாவின் உதடு இறுகியது. "கம்பளியைப் பூச்சி அரிச்சிடுச்சு. லயனலோடது ஏதோ கடைத் துணி. குப்பை!"

மெரியல் தலையசைத்தாள்.

பிணம் அகற்றப்பட்டது. ரத்தம் ஊறிய விரிப்பும் போனது. கீழே நரைத்த நீலக் கம்பளி, ஒரு சொட்டுக் கறையின்றி, மாசற்று மிளிர்ந்தது! தடய அறிவியல்காரர்கள் பெட்டியை மூடினர்.

டிக்பி கிசுகிசுத்தான்.

"மேடம், சீட்டுல ரத்தம் படக்கூடாதுன்னு விரிப்பு போட்டிருக்கு. வண்டிக்காரனைத் தவிர எவனுக்கு அந்தக் கவலை? லயனலைத் தூக்கிடலாமா?"

"பெல்சேம்பரே விரிச்சிருந்தா?"

"அதுவும் நடக்கலாம். இந்தக் கூட்டம் ஷூவைக் கழட்டிட்டுத்தான் உள்ளே ஏறும்."

"துணியைப் பார்க்க வந்தவர் துணியை மூடுவாரா? வேற யாரோ விரிச்சு வச்சு, மரியாதையா ஷூவைக் கழட்டச் சொல்லியிருக்காங்க. அந்த ஆளும் பக்தியோட கழட்டிட்டு ஏறியிருக்கார். சரி... அங்கே பாரு."

டிக்பி பார்த்தான்.

சர் லயனல் தம் காரின் முன்னிருக்கையில் சேற்றுக் காலுடன் அமர்ந்திருந்தார். பைத் துணுக்குகள் தோலின்மேல் உதிர்ந்தன. அவற்றை நாய் நக்கிக்கொண்டிருந்தது.

"இந்த மனுஷனா விரிப்பு போட்டவன்?"

"அப்போ...?"

"எனக்கு ஒரு கப் வேணும்யா. நீ போய் அந்த அம்மா வண்டியோட பின்பெட்டியைப் பாரு. சாவி போட்டு ஸ்டார்ட் பண்ற வண்டி இல்லியே இது. முன்னால இரும்புக் கைப்பிடி விட்டுச் சுத்தணும். அதைத் தேடு. தூசு விரிப்பு இருக்கான்னும் பாரு."

கையில் தேநீர்க் கோப்பையுடன் மெரியல் சர் லயனலின் காரை நெருங்கினாள். காலணியைக் கழற்றவில்லை. புல்வெளிச் சேறு அப்படியே அடியில் அப்பியிருக்க, பின்கதவைத் திறந்து ஏறினாள்.

சங்கத்தாரிடையே ஒரு முனகல் எழுந்தது.

அவள் இருக்கையில் சாய்ந்தாள். கோப்பையைப் பிடித்த கை சரிந்தது... கோப்பை கம்பளியை நோக்கிக் கவிழ்ந்தது...

"ஐயோ! டீ! எடு! எடுடி கையை!"

ஆக்டேவியா பாய்ந்து வந்தாள். கதவைப் பற்றி, மெரியலின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். கண்கள் பிதுங்கின.

"அறிவிருக்கா உனக்கு? எங்க தாத்தா ஆலையில நெய்ததுடி! உலகத்துல மிச்சம் இருக்கிற ஒரே துண்டு!"



மெரியல் கோப்பையைக் கவிழ்த்துக் காட்டினாள். காலி!

"கடைத் துணின்னீங்க. குப்பைன்னீங்க. குப்பைக்கு எதுக்கு மேடம் இவ்வளவு பதட்டம்?"

ஆக்டேவியா அவள் மணிக்கட்டை உதறிவிட்டுப் பின்வாங்கினாள். 

டிக்பி மூச்சிரைக்க ஓடி வந்தான். பிளாஸ்டிக் உறைக்குள் ஓர் இரும்புக் கைப்பிடி.

"பின்பெட்டியில விரிப்பைக் காணோம் மேடம்! இது மட்டும் வெல்வெட்டுல படுத்திருந்துது. மேலெல்லாம் கண்ணாடி மாதிரி துடைச்சிருக்காங்க. ஆனா எஞ்சின்ல மாட்டுற நுனியில ஒரு குழி இருக்கு பாருங்க, அங்கே பாலிஷ் துணி போகல. ரத்தம்!"

சர் லயனல் முதன்முறையாகக் கறிப் பையைக் கீழே வைத்தார்.

"ஆக்டேவியா... நீயா?"

"நானேதான்!" அவள் நிமிர்ந்தாள். "அசல் உன்கிட்டதான் இருக்குன்னு எனக்கு எப்பவோ தெரியும்டா! எங்க அப்பா மீட்டது வேற வண்டி. நேத்து அந்த ஆள் போன்ல சொன்னதும் அதுதான்; அதை மேடை ஏறிச் சொல்லிட்டா நான் யாரு? போலி வண்டியை வாழ்நாள் பூரா துடைச்ச கிழவி! அவர் சாப்பிட்டு எழுந்ததும், கூட்டமெல்லாம் இன்னும் கூடாரத்துல இருக்கிறப்போ, 'கடைசியா ஒரு தடவை துணியைப் பார்த்துச் சொல்லுங்க'ன்னு கூட்டிட்டு வந்தேன். விரிப்போட ஓரத்தைத் தூக்கிப் பார்க்கக் குனிஞ்சார்..."

"பழி இவர் மேல விழும். கேஸ் முடியற வரைக்கும் இந்த வண்டியை டெக்சாஸ்காரனும் தொட முடியாது. சரியா?" என்றாள் மெரியல்.

"இவன்கிட்ட இருந்தா நாய் படுத்தே நாசமாக்கிடும்!"

"ஒரு மனுஷன் மண்டையை உடைச்சீங்க. கை நடுங்கல. கம்பளியில ஒரு சொட்டு விழக்கூடாதுன்னு விரிப்பைத் தேடினீங்க! விரிக்காம விட்டிருந்தா, இந்நேரம் நான் சர் லயனலுக்கு விலங்கு மாட்டிட்டிருப்பேன்."

ஆக்டேவியா கம்பளியை ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். கருவறைத் திரை விழுவதைப் பார்க்கும் பக்தையின் பார்வை! அந்தப் பார்வையில் ஒரு கடுகளவு கூடச் செத்தவருக்கு இல்லை.

"கறை படலையே... அது போதும்."

விலங்கு பூட்டப்பட்டது. கொரியக் காரின் பின்கதவைத் திறந்தான் டிக்பி. பெட்ரோல் வாடையும், சிந்திய உருளைக்கிழங்கு வறுவலும், கிழிந்த ரெக்சின் இருக்கையும் அவளை வரவேற்றன. மிஸ் கிரிம்ஷா மூக்கைப் பொத்த விரும்பினாள். விலங்கிட்ட கை எழவில்லை.

"இதுலயா...?" என்று முனகியவள், இறங்கிய குரலில் கேட்டாள்.

"எத்தனை வருஷம் உள்ளே போடுவாங்க தம்பி?"

டிக்பி கதவை அடித்துச் சாத்தினான்.

"நம்பரா? போதுமானது, மேடம்!"